ஒவ்வாமை: இல்லை

"ஊசியைக் கீழ வைங்க சிஸ்டர்!"

கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தவரை நர்ஸ் ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"யார் சார் நீங்க? டாக்டரா?"

"கம்ப்யூட்டர் பிரிவு."

"கம்ப்யூட்டருக்கு ஊசி போடறப்ப கூப்பிடறேன். இப்ப நகருங்க."

கட்டிலில் கிடந்த பெண்ணுக்கு நினைவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. கடைத்தெருவில் மயங்கி விழுந்தவளை யாரோ ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள். கைப்பையில் இருந்த அட்டையைப் பார்த்துப் பெயரைப் பதிந்ததோடு சரி. டாக்டர் மருந்தை எழுதிவிட்டு அடுத்த வார்டுக்குப் போயிருந்தார்.

"கீழ ஸ்கிரீன்ல பாத்துட்டுத்தான் ஓடி வந்தேன். அந்த மருந்து சில பேருக்கு ஒத்துக்காது சிஸ்டர். உயிரே போயிடும்."

"அது எனக்குத் தெரியாதா? பாத்துட்டுத்தான் எடுத்தேன்." திரையைத் திருப்பிக் காட்டினாள். 'ஒவ்வாமை: இல்லை.'

"அது நான் போட்ட 'இல்லை'."

"என்னது?"

"அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா ஃபாரம் சேவ் ஆகல. ரிசப்ஷன்ல தினம் ஒரே கத்தல். அதனால, யாரும் எதுவும் எழுதலன்னா தானா 'இல்லை'ன்னு விழற மாதிரி வெச்சேன். மூணு வருஷமாச்சு."

நர்ஸ் வார்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். முப்பது கட்டில்.

"இவங்கள்ல யாருக்கு நிஜ 'இல்லை'?"

"எனக்கே தெரியாது."

"நல்லா வெச்சீங்க போங்க." ஊசி தட்டுக்குத் திரும்பியது. "வீட்டு ஆள் யாராவது வந்தா கேட்டுக்கலாம். கூடவே இருக்கறவங்களுக்குத் தெரியாமலா போகும்?"

அவர் கட்டிலருகே போய் நின்றார்.

"ஆமா, மூணு வருஷமா எட்டிப் பாக்காதவரு, இன்னிக்கு மட்டும் என்ன இப்படி விழுந்தடிச்சு ஓடி வந்தீங்க?"

"இவ என் சம்சாரம்."

"அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா!" நர்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேனாவை எடுத்தாள். "கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு."

"அப்புறமென்ன? சொல்லுங்க, எந்த மருந்து இவங்களுக்கு ஒத்துக்காது?"

"எதுவும் இல்லைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

"அவங்க சொன்னாங்களா?"

"நான் கேட்டதில்ல."