நாற்பத்தேழாம் நம்பர்

"நம்பரைச் சொல்லிட்டீங்க, சரி. நாளைக்கு மேஜிஸ்ட்ரேட் துரை முன்னால நின்னும் இதையே சொல்வீங்களா?"

எட்மண்டின் பேனா காகிதத்தைத் தொடவே இல்லை. சுரங்க ஊரான கோரமண்டலுக்கு ரயில் வந்த நாளிலிருந்து ரயிலடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர் அவர். போலீஸ் மேலேயே எழுதச் சொல்லி யாரும் வந்ததில்லை.

"சொல்வேன். எம்புள்ள கோவிந்தனைச் சுட்டது நாப்பத்தேழாம் நம்பர் போலீஸ்காரன். எழுதுங்க ஐயா."

எதிரே இருந்த பெரியவர் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஆள் இறக்குகிற கேஜ் கூண்டின் கயிறு அறுந்து சுரங்கத்தில் நாலு பேர் செத்தார்கள். போன திங்கட்கிழமை ஜனங்கள் நியாயம் கேட்டுச் சுரங்க ஆபீஸ் முன்னால் திரண்டார்கள். பன்னிரண்டு போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று சுட்டதில் செத்தது கோவிந்தன் ஒருவன்தான். பன்னிரண்டு பேருமே, 'ஆகாசத்தைப் பார்த்துத்தான் சுட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் குண்டு மேலே போய்த் திரும்பி வந்தா அவன் நெஞ்சில் பாய்ந்தது? நல்ல கதை! நாளை விசாரணையோடு ஃபைலையும் மூடிவிடுவார்கள்.

"நீங்களும் அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். அவன் இருப்பான்னுதான் நெனைக்கல. காலை ஷிப்டு, சுரங்கத்துல எறங்கியிருப்பான்னு இருந்துட்டேன். பாவிப்பய, வேலைக்குப் போகாம கூட்டத்துல வந்து நின்னிருக்கான். தலையில முண்டாசு, மூஞ்சி பூரா புழுதி. விழுந்தப்புறம்தான் எம்புள்ளைன்னே தெரிஞ்சுது."

எட்மண்ட் பேனாவை மசியில் தோய்த்தார்.

"சுட்டவனுக்கும் கோவிந்தனுக்கும் பகையா?"

"ஒரு பகையும் இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு நெஞ்சைப் பார்த்துச் சுட்டான்?"

"மேல சுடறவனுக்கு வேலை இருக்காதுன்னு இன்ஸ்பெக்டர் கத்துனாரு. பயந்துட்டான், கோழைப்பய."

"தூக்குல போட்டாலும் போட்ருவாங்க, பெரியவரே. அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும். யோசிச்சுப் பாருங்க."

"பொண்டாட்டி இருக்கா. புள்ள இல்ல. நீங்க எழுதுங்க."

நாளைக்கு அந்த இன்ஸ்பெக்டர் தன்னையும் தேடி வருவான் என்று எட்மண்டுக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மளமளவென்று எழுதி முடித்தார்.

"எழுதிட்டேன். ஆனா பன்னிரண்டு பேரும் ஒரே வாயா நிக்கிறாங்க. நீங்க ஒத்தை ஆள். நாப்பத்தேழுதான் சுட்டான்னா எவன் நம்புவான்?"

பெரியவர் கம்பளியை விலக்கினார். இடுப்பில் கட்டியிருந்த போலீஸ் பெல்ட்டிலிருந்து பித்தளை வில்லையைக் கழற்றி மனுவின் மேல் வைத்தார்.

அதில் நாற்பத்தேழு என்று பொறித்திருந்தது.