மூடியில் ஒரு ஓட்டை

"இருபதாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்றார் மேடை விளக்குகளை வாடகைக்கு விடும் வியாபாரி.

ரேடியோ ரிப்பேர் செய்பவளின் மேசையில் அந்த லேசர் பெட்டி இருந்தது. மரத்தை அவளே இழைத்து, ஆணி தெரியாமல் பொருத்தியிருந்தாள். உள்ளே இரண்டு குட்டிக் கண்ணாடிகள் துடிக்க, கூரையில் பச்சைக் கோட்டில் ஒரு நாரை பறந்தது. வியாபாரிக்கு வாய் பிளந்தது. பாராட்டினால் விலை ஏறிவிடும் என்று உடனே மூடிக்கொண்டார்.

"வேலை சுத்தம்தான். ஆனா வெளிச்சம் வர்ற ஓட்டையை முன்பக்கம் வைக்காம மூடியில வெச்சிருக்கியேம்மா. பார்க்க வர்றவன் கூரையையா பார்ப்பான்?"

"பார்க்கட்டுமேண்ணே."

"வெளிச்சம் வேற மங்கல். ஃபேன் சத்தமே கேக்கல, உள்ள ஓடுதான்னே தெரியல. பதினஞ்சு."

"விக்கிறேன்னு நான் சொல்லவே இல்லையே" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "உள்ள வாங்க."

உள்ளறைக் கட்டிலில் அவள் கணவன் கழுத்தில் பட்டையோடு மல்லாந்து கிடந்தான். விபத்துக்குப் பிறகு அவனால் தலையைத் திருப்ப முடியாது. பெட்டியைக் கட்டிலருகே வைத்து விளக்கை அணைத்தாள். சத்தமில்லாமல், கண் கூசாமல், அவன் முகத்துக்கு நேர்மேலே நாரை சிறகை விரித்தது.

"இடது றெக்கை நொண்டுதுடி" என்றான் அவன்.

"இவர்தாண்ணே நம்ம கஸ்டமர். காசு தரமாட்டார், குறை மட்டும் சொல்லுவார்."

வியாபாரி அண்ணாந்தபடியே, தான் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டார். கடைசியில் பாக்கி நின்றது அவன் சொன்னது ஒன்றுதான்: நாரையின் இடது இறக்கை.