கூப்பிட்டால் வருகிறது

திரையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

சாம்பல் நிறத்தில் நீள நீளமாய் ஏதேதோ கிடந்தன. மெலிந்த உடம்பு. இரு முனையிலும் வால்.

"இதெல்லாம் உங்க கால்ல இருந்து எடுத்த செல்லு, ஐயா," என்றாள் ஷெரின். மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். "புண்ணை இழுத்துப் பிடிச்சு மூடுறது இதுங்க வேலை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வேலை செய்கிற லட்சணம்தான் தெரிகிறதே. ஆணி குத்திய பாதம் மாதக்கணக்காய் ஆறாமல் கிடக்கிறது. சதை செத்துப்போச்சு, காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று தெருவே பேசிவிட்டது. அவரும் தான் ஓட்டிவந்த மினிபஸ் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி பூரணம். தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"காயம் பட்டா ரத்தத்துல இருக்கிற காவல் செல்லு முதல்ல ஓடிவரும். ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டு இதுங்களைக் கூப்பிடும். உங்களுக்குச் சர்க்கரை அதிகம், அந்தக் கூப்பாடு சரியா வரலை. அதனால வேற ஒருத்தர் ரத்தத்துல இருந்து காவல் செல்லை எடுத்து இந்த ஓரமா வச்சேன். பாருங்க."

நாள் முழுக்க எடுத்த படங்களை வேகமாக ஓட்டினாள்.

ஒன்று அசைந்தது.

முனை நீண்டது. ஒட்டிப் பிடித்தது. பின்னுடல் சுருங்கி முன்னால் வந்தது.

பிறகு அதன் பக்கத்தில் இருந்த இன்னொன்று.

பிறகு எல்லாம். அந்த ஓரத்தை நோக்கி, விடாமல்.

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"என் சதையா இது?"

"உங்களதுதான். சாகலை. கூப்பிட்டா வருது. இதை மருந்தா மாத்த ரொம்ப நாளாகும், ஐயா. ஆனா சர்க்கரை இறங்கியிருக்கு, புண்ணும் சிவக்க ஆரம்பிச்சிருக்கு. காலை எடுக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

அவர் ஷெரின் பக்கம் திரும்பினார்.

"யாரு ரத்தம்மா அது? அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு போடணுமே."

ஷெரின் பூரணத்தைப் பார்த்தாள். பூரணம் சன்னலைப் பார்த்தாள்.

ஊசி என்றால் தெருமுனை வரை ஓடுகிறவள். பிள்ளைப்பேற்றின்போது ஊசி போடவே அவளை ஆள் வைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவர் அவளுடைய சேலைத் தலைப்பை ஒதுக்கினார். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய நீலம் வெளுத்து மஞ்சளாகியிருந்தது.

அதை விரலால் மெல்லத் தொட்டார்.

"வலிச்சுதாட்டீ?"

"படத்தைப் பாருங்க," என்றாள்.

கையை இழுத்துக்கொள்ளவில்லை.