கறுப்பு காய்வதற்குள்

பத்தரை மணிக்குத்தான் கறுப்பு மை விழ ஆரம்பித்தது.

அதுவரை இரண்டு மணி நேரம் அவள் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் மெஷினுக்கு முன்னால் மண்டி போட்டிருந்தாள். சிரிஞ்சில் சால்வென்ட்டை இழுத்து, அடைத்துக்கொண்ட பிரிண்ட் ஹெட்டுக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கி, துணியால் ஒற்றி, மறுபடி இறக்கி. கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி. அவசரப்பட்டால் ஹெட்டே போய்விடும்.

சிவப்பு, மஞ்சள் இல்லாவிட்டாலும் இன்று எப்படியோ ஒப்பேற்றிவிடலாம்.

கறுப்பு இல்லாமல் ஆகாது.

எட்டுப் பேர். நேற்றுச் சாயங்காலம் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய வேன் வாய்க்கால் பாலத்தில் கவிழ்ந்தது. செத்த எட்டுப் பேரும் ஒரே ஊர். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், அதற்குள் எட்டுப் பேனரும் ஊருக்குள் கட்டியிருக்க வேண்டும் என்று வார்டு மெம்பர் சொல்லிவிட்டுப் போனார்.

போட்டோ மட்டும் ஒன்பது கொடுத்தார்.

ஒன்பதாவது ஒரு பெண். பதினான்கு வயது. கனிஷ்கா. பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடையோடு. கோயமுத்தூரில் ஐசியுவில் கிடக்கிறாள்.

"அதயும் ரெடி பண்ணி வெச்சுக்க அம்மிணி. தாங்காதுங்கறாங்க."

பண்ணி வைத்தாள். மறைந்த தேதிக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டாள். அதையே பெரிய நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழு பேனர் முடிந்தது. எட்டாவது ஒரு பெரியவர். அவருக்கு நல்ல படமே இல்லை. ரேஷன் கார்டில் இருப்பதை எடுத்து அனுப்புகிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

அது வரும்வரை மெஷின் நிற்கக் கூடாது. இந்தத் தகரக் கூரை வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் போதும், கறுப்பு காய்ந்து மறுபடி அடைத்துக்கொள்ளும். மறுபடி இரண்டு மணி நேரம். பெரியவர் பேனர் இல்லாமலே போவார்.

இப்படிப்பட்ட நேரத்தில் வெறும் கலர் பட்டையை ஓடவிடுவதுதான் வழக்கம். தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வது.

வீணாகப் பட்டை அடிப்பதற்கு, எப்படியும் அடிக்க வேண்டியதை அடிக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

எப்படியும்.

அந்தச் சொல் தன் மனதில் எப்படி வந்தது என்று பிறகு பல நாள் யோசித்தாள். அப்போது யோசிக்கவில்லை. கனிஷ்காவின் ஃபைலைத் திறந்து பிரிண்ட் கொடுத்துவிட்டாள்.

ஹெட் இப்படியும் அப்படியும் ஓடியது. முதலில் கண்ணீர் அஞ்சலி வந்தது. பிறகு வகிடு. நெற்றி. புருவம். கறுப்பு ஒரு கோடுகூட விடாமல் விழுந்தது. அவளுக்குத் திருப்தியாகவே இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"கலாமணி வூட்டுக்காரருங்க. பேனர் ஆயிருச்சுங்களா?"

மெம்பர்தான் வந்து வாங்கிப்போவார் என்று இருந்தாள். இவர் வருவார் என்று நினைக்கவே இல்லை. நாச்சிமுத்து. மகளுக்குக் காவலாகத் தம்பியை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு, பெண்டாட்டியை எடுக்க ஊருக்கு வந்திருக்கிறார்.

கலாமணியின் பேனர் மேஜையில் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் அடியில், கண்ணீருடன் கணவர் நாச்சிமுத்து, மகள் கனிஷ்கா என்று காலையில் அவள்தான் டைப் செய்திருந்தாள்.

அவர் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

நிறுத்தும் பட்டன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளுக்குக் கறுப்பு ஞாபகம் வந்தது. வெட்கக்கேடுதான். ஆனாலும் அதுதான் ஞாபகம் வந்தது.

அதற்குள் அவர் சத்தம் வந்த பக்கம் திரும்பிவிட்டார்.

கண்கள் இரண்டும் வெளியே வந்திருந்தன. மூக்கு வந்துகொண்டிருந்தது.

"எப்பங்க?" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. மகள் எப்போது போனாள் என்று கேட்கிறார். பட்டனை ஓங்கிக் குத்தினாள். ஹெட் உதட்டுக்கு மேலே நின்றுவிட்டது.

"இல்லீங்ண்ணா, பாப்பா இருக்குதுங்க. மெஷின் நிக்கக்கூடாதுன்னு... நாந்தானுங்க..."

அவர் திட்டவில்லை. ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டார். மெஷின் ஓடாததால் மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது.

எடுக்கவில்லை.

மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

அவள் தனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள்.

மூன்றாவது முறை எடுத்தார்கள்.

"பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் கிடந்த ஃப்ளெக்ஸ் ரோலின் மேல் உட்கார்ந்தார். போன் மடிக்கு வந்தது.

"கண்ணு முழிச்சுட்டாளாம். அம்மா எங்கீன்னு கேக்கறாளாம்."

அவளுக்கு அழுகை பீறிட்டது. காலையிலிருந்து எட்டு முகங்களைப் பார்த்தும் வராத அழுகை. பிளேடை எடுத்து, மெஷினில் இருந்ததை வெட்டி இழுத்தாள். ஈரத்தோடு மடித்துக் கசக்கினாள். கையெல்லாம் கறுப்பு, சுடிதாரெல்லாம் கறுப்பு.

"இது தப்பா அடிச்சதுங்ண்ணா. தப்பா அடிச்சதுங்க."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் எழுந்து மேஜைக்குப் போனார். கலாமணியின் முகத்துக்குப் பக்கத்தில் மெல்லக் கை வைத்தார். மை நன்றாகக் காய்ந்திருந்தது. விரலில் ஒட்டவில்லை.

"இதயுந் தப்பா அடிச்சதுன்னு சொல்லிப்போடுங்க, அம்மிணி."