எதிரியின் இரைச்சல்

எதிரி வானம் நிறைய இரைச்சலைக் கொட்டினாலும் ராணுவத்தின் புதிய சாட்டிலைட் இணைப்பு அசையாது. மனிதப் பேச்சைத் தவிர எது வந்தாலும் இரைச்சல் என்று தள்ளிவிடும்.

குடியாத்தத்தில் கோமளா, பிறந்து ஒரு வாரமான மகளை, வீட்டாரிடம் பேச ராணுவம் தந்திருந்த அந்த இணைப்பின் போனருகே தூக்கிப் பிடித்திருந்தாள். வீடே அதிரும்படி அழுதது குழந்தை.

“கேக்குதா மாமா?”

பனிமலைக் காவலில் இருந்த அவள் கணவன் தணிகைவேல், “ஒண்ணும் கேக்கலியே, தூங்குறாளா?” என்றான்.

“தூங்குறாளாவா? தெருவே எழுந்து நிக்குது.”

“அப்ப மிஷினு அவளையும் எதிரின்னு நெனச்சிடுச்சி. நாளைக்கு உச்சிக்கு ஏறுறோம் கோமு. எறங்குற வரைக்கும் பேச முடியாது. ஒரு தபா கேட்டுட்டுப் போலாம்னு பாத்தேன்.”

கோமளா யோசித்தாள். மாமியார் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல், மகள் அழுகிற அதே இழுப்பில் வார்த்தையாகவே சொன்னாள்.

“குவா... குவா... இப்ப மூச்சு வாங்குறா மாமா... குவா...”

மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. அழுகை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இந்த இணைப்பு மறுபக்கம் விடாது.

“அழுவாத மாமா,” என்றாள்.