பூ விழவே இல்லை

பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கண், மூக்கு என்று எது யார் சாடையில் வரவேண்டும் என்பதை ஆஸ்பத்திரியில் நாணயம் சுண்டித்தான் முடிவு செய்வார்கள். அப்போதுதான் பின்னால் வீட்டில் சண்டை வராதாம்.

ஜெசிந்தா பூ கேட்டாள். தலை விழுந்து, கண் கணவன் வின்சென்ட்டுக்குப் போனது. மூக்கும் போனது. "இத்தனை தலைக்கு அப்புறம் பூ விழுந்துதானே ஆகணும்" என்று பிடிவாதமாகப் பூவே கேட்டாள். முன்னால் விழுந்தது நாணயத்துக்கு ஞாபகமா இருக்கும்? சுருட்டை முடியும் கன்னக்குழியும்கூடப் போயின.

பிறந்த பெண்ணைப் பார்த்து, "அப்படியே எங்க அண்ணனை உரிச்சு வச்சிருக்கு" என்றாள் நாத்தனார். ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது. சுமந்தவள் இவள். கொஞ்சக் குனிந்தால் வின்சென்ட்டின் மூக்கல்லவா முன்னால் வந்து நிற்கிறது!

முதல் பிறந்தநாளுக்கு நாத்தனார் தன் கைக்குழந்தையோடு வந்தாள். வின்சென்ட் அதை ஆசையாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். தரையில் விளையாடிக்கொண்டிருந்த மகள் பொம்மையை வீசிவிட்டு விறுவிறுவெனத் தவழ்ந்து வந்து, அந்தக் குழந்தையின் காலை நறுக்கென்று கடித்தாள்.

"யாரோட குணம் அண்ணி இது?" என்று அலறினாள் நாத்தனார்.

குணத்துக்கு யாரும் நாணயம் சுண்டியிருக்கவில்லை. ஜெசிந்தா மகளை வாரியெடுத்து உச்சி முகர்ந்தாள்.

"என் தங்கமே! அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கு!"