ஸ்டாண்ட் சரிந்த பின்

பழைய காரின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தாழ்த்த, வீட்டு ஷெட்டிலேயே கணவர் வேலையைத் தொடங்கினார். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். முன்பக்கத்தை இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்திவிட்டு ஜாக்கியை உருவினார். சக்கரங்களைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுக்க அடியில் படுத்தார்.

இறுகிப்போன போல்ட்டை அவர் பலங்கொண்டமட்டும் இழுத்தபோது கார் ஆடியது. இரண்டு ஸ்டாண்டுகளும் சரிந்து விழுந்தன. கார் விழவில்லை.

பக்கத்தில் நின்ற மனைவி பாய்ந்து பம்பரைப் பிடித்தாள். தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

“சீக்கிரம் வெளிய வாங்க!”

“சட்டை மாட்டிக்கிச்சு. விட்டுடாதே!”

“கிழிச்சுட்டு வாங்க, உங்க கால்ல விழறேன்!”

அவள் கைகளில் துளிகூடப் பாரம் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் வெற்றுடம்போடு ஊர்ந்து வந்தார். அவள் கையை எடுத்தாள். கார் அப்படியே நின்றது. இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். சற்று நேரத்தில் பம்பர் நடுங்கத் தொடங்கியது.

அவள்தான் காருக்கு அடியில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பேசினாள். “அவர் வந்துட்டாருங்க. போதும், விட்டுடுங்க.”

தூங்கிய குழந்தையைக் கிடத்துவதுபோல, கார் சத்தமில்லாமல் தரையில் இறங்கியது.